மூன்று பைட்டுக்கு ஒரு மண்டபம்

ஒரு சின்னச் சோதனை. உங்கள் விண்டோஸ் கணினியில் நோட்பேடைத் திறந்து ஒரே ஓர் எழுத்தை அடியுங்கள்: அ. வேறெதுவும் வேண்டாம், என்டர் கூடத் தட்ட வேண்டாம். யூடிஎஃப்-8 முறையில் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு, அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘சைஸ்’ என்ற வரியில் 3 பைட் என்று இருக்கும். யூனிகோடில் உள்ள தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கும். ஆகவே கணக்கு சரி. அடுத்த வரி, ‘சைஸ் ஆன் டிஸ்க்’. இன்றைய விண்டோஸில் அங்கே 0 என்று இருக்கும். கோப்பு இருக்கிறது, திறந்தால் ‘அ’ தெரிகிறது, ஆனால் டிஸ்க்கில் அது பிடித்த இடம் பூஜ்யமாம்!

அதே நோட்பேடில் ஒரு பத்தி, அதாவது சுமார் 400 குறிகள், எழுதி இன்னொரு கோப்பாகச் சேமியுங்கள். ‘சைஸ்’ ஏறத்தாழ 1,200 பைட். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ 4,096 பைட்.

கடைசியாக, முதலில் எழுதிய ‘அ’ கோப்பை 64 ஜிபி பென் டிரைவுக்கு நகலெடுங்கள். விண்டோஸ் தானாகச் சொல்லும் அளவிலேயே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவாக இருந்தால், அங்கே வரும் எண் உங்களைத் தூக்கிவாரிப்போடும்: 1,31,072 பைட். இரண்டு மூன்று சிறுகதைகளைத் தாராளமாக வைக்கக்கூடிய இடத்தில் ஒற்றை ‘அ’ உட்கார்ந்திருக்கிறது.

எழுத்து மாறவில்லை, கோப்பு மாறவில்லை. மாறியது டிரைவ்; இன்னும் சரியாகச் சொன்னால், அந்த டிரைவை ஃபார்மேட் செய்த நாளில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. ஃபார்மேட் பெட்டியில் ‘அலகேஷன் யூனிட் சைஸ்’ என்று ஒரு வரி இருக்கும். நம்மில் பலர் அதைத் தொடாமலே ‘ஸ்டார்ட்’டை அழுத்திவிடுவோம். கிளஸ்டர் அளவு என்பது அதுதான். இந்த அத்தியாயம் அந்த ஒரு வரியைப் பற்றியது.

அரை அறை கிடையாது

கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு லாட்ஜில் அறை போட்டுக் கொடுத்த அனுபவம் இருந்தால் இது உடனே புரியும். மூன்று பேர் படுக்கிற அறைகள். ஏழு பேர் வந்தால் மூன்று அறை எடுத்தாக வேண்டும். மூன்றாவது அறையில் ஒருவர் மட்டும். இரண்டு கட்டில் காலி. அந்தக் காலிக் கட்டிலில் முன்பின் தெரியாத இன்னொரு குடும்பத்து ஆளைக் கொண்டுவந்து படுக்கவைக்க மேனேஜருக்கு உரிமை இல்லை. அறை ஒரு குடும்பத்தின் பெயரில் பதிவாகிவிட்டால் அது முழுக்க அவர்களுடையது.

ஹார்ட் டிஸ்க்குக்குத் தெரிந்தது செக்டர் மட்டுமே. சுழலும் தட்டின் மேல் வளையம் வளையமாகச் செல்லும் தடங்களில், அது ஒரே மூச்சில் படிக்கவும் எழுதவும் கூடிய மிகச் சிறிய துண்டு அது. தனிநபர் கணினிகளில் நெடுங்காலம் அது 512 பைட்டாக இருந்தது. 2011 முதல் புதிய டிஸ்க்குகளில் 4,096 பைட் செக்டர் என்று தயாரிப்பாளர்கள் கூடி முடிவெடுத்தார்கள். இந்தச் செக்டர்களில் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து ஓர் அறையாக்குவது ஃபைல் சிஸ்டத்தின் வேலை. அந்த அறைதான் கிளஸ்டர். லினக்ஸ்காரர்கள் அதையே பிளாக் என்பார்கள். ஒரு கிளஸ்டரில் இரண்டு கோப்புகள் குடியிருக்க முடியாது. கோப்பின் வால் கடைசிக் கிளஸ்டரில் எவ்வளவு தூரம் நீண்டாலும், மிச்சம் வீண்தான்.

எவ்வளவு வீணாகும்? வால் எங்கே முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு கோப்புக்குச் சராசரியாக அரைக் கிளஸ்டர் வீண் என்ற கணக்குக்கு வந்து நிற்கும். கிளஸ்டரைவிடக் கோப்புகள் ரொம்பச் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கும் உதவாது. கிட்டத்தட்ட முழுக் கிளஸ்டரும் வீண். பென் டிரைவில் உட்கார்ந்த நம் ‘அ’ அந்த ரகம்.

அப்படியானால் அறையை முடிந்தவரை சிறிதாகக் கட்டினால் போயிற்றே? அங்கேதான் மேனேஜரின் பதிவேடு குறுக்கே வருகிறது. எந்த அறை காலி, எந்த அறையில் யார் என்று ஒவ்வோர் அறைக்கும் ஒரு குறிப்பு வேண்டும். அறை சிறிதானால் எண்ணிக்கை கூடும், பதிவேடு தடிக்கும். ஒரு 4 டிபி டிஸ்க்கை 4 கேபி கிளஸ்டர்களாக வெட்டினால் சுமார் 97 கோடியே 65 லட்சம் கிளஸ்டர். காலியா இல்லையா என்று ஆளுக்கொரு பிட் வைத்தாலே 122 எம்பி. 64 கேபி கிளஸ்டர்களாக வெட்டினால் 6 கோடியே 10 லட்சம். அதற்கு எட்டு எம்பிக்கும் குறைவாகவே போதும்.

ஒரு பக்கம் இடம், மறுபக்கம் பதிவேட்டைப் புரட்டும் நேரம். கிளஸ்டர் அளவின் வரலாறு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான்.

பதினாறு பிட் நெருக்கடி

இழுபறி முற்றிப்போன காலம் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டில் 1977இல் மார்க் மெக்டொனால்ட் எழுதிய ஃபேட் என்ற முறையில், டிஸ்க்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். கிளஸ்டருக்கு ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் எழுதியிருப்பது, அந்தக் கோப்பின் அடுத்த துண்டு எந்தக் கிளஸ்டரில் என்பது. ‘இந்த அறையில் இருப்பவரின் தம்பி 212இல்’, 212க்குப் போனால் ‘அடுத்தவர் 340இல்’ என்று சங்கிலியாகப் போகும். எளிய ஏற்பாடு, அந்தக் கால ஃபிளாப்பிக்குப் பொருத்தமான ஏற்பாடு. டாஸ் அதை எடுத்துக்கொண்டபோது கட்டத்தின் அகலம் 12 பிட். 1.44 எம்பி ஃபிளாப்பியில் 512 பைட் கிளஸ்டர்கள் 2,847தான். 12 பிட் போதும், மிச்சமும் இருந்தது.

ஹார்ட் டிஸ்க் வந்ததும் போதவில்லை. 1984இல் டாஸ் 3.0 கட்டத்தை 16 பிட்டாக அகலப்படுத்தியது. 16 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 65,536. சிலவற்றைத் தனி உபயோகத்துக்கு ஒதுக்கியது போக 65,524 கிளஸ்டர்களுக்கு மேல் ஒரு பார்ட்டிஷனில் இருக்க முடியாது. டிஸ்க்குகளோ வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போயின. அறை எண்ணைக் கூட்ட வழியில்லை. அறையைத்தான் பெரிதாக்க முடியும். 128 எம்பி வரை 2 கேபி கிளஸ்டர். 256 எம்பிக்கு 4. 512க்கு 8. ஒரு ஜிபிக்கு 16. அதைத் தாண்டி 2 ஜிபி வரை 32 கேபி. அதோடு முட்டி நின்றது.

1996இல் ஒருவர் 1.2 ஜிபி டிஸ்க் வாங்கி, முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாக ஃபார்மேட் செய்தார் என்று வையுங்கள். கிளஸ்டர் 32 கேபி. அது வீட்டுக்குள் இணையம் எட்டிப்பார்த்த காலம். வலைப்பக்கங்களின் குட்டிப் படங்களைப் பிரவுசர் தனித்தனிக் கோப்பாகச் சேர்த்துவைக்கும். ஒவ்வொன்றும் ஒன்றரை கேபி என்று 10,000 கோப்பு சேர்ந்தால் உள்ளே இருக்கும் சரக்கு 15 எம்பி. பிடிக்கும் இடம் 312 எம்பி. டிஸ்க்கில் கால் பங்கு, காற்று.

விவரம் தெரிந்தவர்கள் டிஸ்க்கைக் கூறு போட்டார்கள். 2 ஜிபியை ஒன்றாக வைக்காமல் சி, டி, இ, எஃப் என்று நான்காக, ஒவ்வொன்றும் 512 எம்பிக்குள் அடங்கும்படி வெட்டினால் கிளஸ்டர் 8 கேபிக்கு இறங்கிவிடும். ஒரே டிஸ்க்கில் அத்தனை எழுத்துகள் இருந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு சிக்கனமும் இருந்தது.

1996 ஆகஸ்டில், விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்போடு ஃபேட்32 வந்தது. கட்டத்தின் அகலம் 32 பிட். உண்மையில் பயன்பட்டது 28. 8 ஜிபி வரை 4 கேபி கிளஸ்டர். பிரச்சினை தீர்ந்ததா? இடப் பிரச்சினை தீர்ந்தது, பதிவேடு வீங்கியது. ஒரு டிபி டிஸ்க்கை ஃபேட்32இல் 4 கேபி கிளஸ்டரோடு அமைத்தால் அட்டவணை மட்டுமே ஒரு ஜிபியைத் தொடும். 32 கேபி கிளஸ்டர் என்றால் 122 எம்பி. காலி இடம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள அத்தனையையும் புரட்ட வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. விண்டோஸின் ஃபார்மேட் பெட்டி நெடுங்காலம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32இல் ஃபார்மேட் செய்ய மறுத்துவந்தது. அந்த முறையால் இயலாதது என்று இல்லை. பெட்டி விடாது, அவ்வளவுதான். அந்தப் பெட்டியை வடிவமைத்த டேவ் பிளம்மர் என்ற முன்னாள் மைக்ரோசாஃப்ட் நிரலாளர் 2024இல் சமூக ஊடகத்தில் அதன் கதையைச் சொன்னார். 1994இன் கடைசியில் ஒரு மழைநாள் வியாழக்கிழமை காலை, நல்ல வடிவமைப்பு வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாக அந்தப் பெட்டியை வரைந்தாராம். கிளஸ்டர் வால்களில் எவ்வளவு வீணானால் தாங்கும் என்று அன்றைக்கே ஒரு கணக்குப் போட்டு எல்லை வைத்தாராம். அது 32 ஜிபி என்று நின்றது. தற்காலிகப் பெட்டி முப்பது வருஷமாகியும் அப்படியே இருக்கிறது.

பெர்க்லியின் பேரேடு

இடமா வேகமா என்ற கேள்வியை முதன்முதலில் ஒழுங்காக அளந்து பார்த்தவர்களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் குழுவும் ஒன்று. மெக்கூசிக், ஜாய், லெஃப்ளர், ஃபாப்ரி நால்வரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. பழைய யூனிக்ஸ் 512 பைட் பிளாக்குகளில் எழுதியது. அதில் டிஸ்க்கால் கொடுக்க முடிந்த வேகத்தில் 2 சதவீதம்தான் பயனாளிக்கு வந்து சேர்ந்தது. பிளாக்கை 1,024 பைட்டாக்கியதும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அப்படியும் 4 சதவீதம்தான்.

இன்னும் பெரிதாக்கினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்? தங்கள் கணினியில் உண்மையாகவே இருந்த கோப்புகளை வைத்துக் கணக்கிட்டார்கள். 512 பைட் பிளாக்கில் வீணாவது 6.9 சதவீதம். 1,024இல் 11.8. 2,048இல் 22.4. 4,096 என்றால் 45.6. அதாவது நூறு எம்பி சரக்கை வைக்க நூற்று நாற்பத்தைந்து எம்பிக்கு மேல் இடம் வேண்டும். டிஸ்க் தங்கவிலை விற்ற காலத்தில் யார் சம்மதிப்பார்கள்?

அவர்கள் கண்டுபிடித்த வழி அழகானது. பிளாக்கை 4,096 பைட்டாகவே வைத்துக்கொண்டார்கள். கோப்பின் வாலுக்கு மட்டும் பிளாக்கை இரண்டாகவோ நான்காகவோ எட்டாகவோ பிளந்து கொடுத்தார்கள். பெரிய குடும்பத்துக்கு முழு அறைகள்; கடைசியில் தனியாக நிற்கும் ஒருவருக்குத் தட்டி வைத்துத் தடுத்த ஒரு மூலை. வேகம் பெரிய பிளாக்குக்கு உரியது, வீணாவது சின்னப் பிளாக்கின் அளவே. பழையதைவிடப் பத்து மடங்கு வரை வேகம் கிடைத்தது.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வேறொரு வழியைப் பிடித்தது. 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த அந்த முறையில், ஒவ்வொரு கோப்புக்கும் பதிவேட்டில் வழக்கமாக 1,024 பைட் கொண்ட ஒரு பக்கம் உண்டு. பெயர், தேதி, உரிமை விவரங்கள் எழுதியது போக அந்தப் பக்கத்திலேயே இடம் மிஞ்சினால், கோப்பின் உள்ளடக்கத்தையும் அங்கேயே எழுதிவிடும். ஆள் அவ்வளவு சின்னவர் என்றால் அறையே வேண்டாம், ரிசப்ஷன் பெஞ்சிலேயே படுத்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. நம் ‘அ’ டெஸ்க்டாப்பில் பூஜ்யம் இடம் பிடித்த மர்மம் இதுதான். பென் டிரைவின் எக்ஸ்ஃபேட்டுக்கு இந்தத் தாராளம் கிடையாது; மூன்று பைட்டுக்கும் மண்டபம்தான். அங்கே ஒரு புது ஃபோல்டர் போட்டால் அதற்கும் குறைந்தது ஒரு கிளஸ்டர் போய்விடும்.

ஊசி நகரும் நேரம்

பெரிய பிளாக் ஏன் வேகம் தருகிறது என்பதை ஹார்ட் டிஸ்க்கின் உடம்பைப் பார்த்தால் புரியும். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட். வேண்டிய செக்டர் தலைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17 மில்லிசெகண்ட், காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏழெட்டு மில்லிசெகண்ட். ஆகப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே சுமார் 12 மில்லிசெகண்ட் போயிற்று. தலை உட்கார்ந்ததும் செகண்டுக்கு 200 எம்பி வேகத்தில் படிக்கும் டிஸ்க் என்று கொண்டால், 4 கேபியைப் படிக்க 0.02 மில்லிசெகண்ட். 64 கேபிக்கு 0.33. பதினாறு மடங்கு சரக்கு. கூடுதல் நேரமோ மொத்தத்தில் இரண்டு மூன்று சதவீதம். பஸ் ஏறி மதுரைக்குப் போய் ஒரே ஒரு முழம் மல்லிகை வாங்கி வருகிற கதைதான் 4 கேபி படிப்பது.

இதைக் கேட்டதும், ‘அப்படியானால் 64 கேபி போட்டால் டிஸ்க் பறக்கும்’ என்று தோன்றும். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். கிளஸ்டர் என்பது இடம் ஒதுக்கும் அளவு. படிக்கும் அளவு என்று நினைத்துவிடக் கூடாது. என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவை ஒரு பெரிய கோப்பை எழுதும்போது, இடம் இருந்தால் அடுத்தடுத்த கிளஸ்டர்களாகவே கொடுக்கும். பதிவேட்டிலும் ஒவ்வொரு கிளஸ்டரையும் தனித்தனியாக எழுதாமல், ‘இந்த எண் தொடங்கி இத்தனை கிளஸ்டர்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். படிக்கும்போது இயங்குதளம் முன்யோசனையோடு அடுத்து வருவதையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். ஆகவே துண்டுபடாமல் இருக்கிற 2 ஜிபி சினிமாவைப் படிக்க, கிளஸ்டர் 4 கேபியா 64 கேபியா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் தெரிவது டிஸ்க் நிரம்பிக் கோப்புகள் சிதறத் தொடங்கும்போது. நான்கு கேமராக்களின் பதிவு ஒரே நேரத்தில் ஒரே டிஸ்க்கில் இறங்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்போதும் துண்டு கிளஸ்டரைவிடச் சிறிதாக முடியாது. பெரிய கிளஸ்டர் கொடுக்கும் உத்தரவாதம் அதுதான்: என்ன சிதறினாலும் இதற்குக் கீழே சிதறாது.

அறுபத்து மூன்றாவது செக்டர்

அளவு சரியாக இருந்தும் அடிவைத்த இடம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. பழைய டிஸ்க் முகவரி முறையில் ஒரு தடத்துக்கு 63 செக்டர் என்பது மரபு. விண்டோஸ் எக்ஸ்பி அந்த மரபுப்படி முதல் தடத்தை விட்டுவிட்டு, 63ஆம் எண் செக்டரிலிருந்து பார்ட்டிஷனைத் தொடங்கும். 63ஐ 512ஆல் பெருக்கினால் 32,256. அதை 4,096ஆல் வகுத்துப் பாருங்கள்: 7.875. முழு எண் வராது.

512 பைட் செக்டர் இருந்தவரை இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. உள்ளுக்குள் 4,096 பைட் செக்டரை வைத்துக்கொண்டு வெளியே 512 என்று நடிக்கும் புது டிஸ்க்குகள் வந்ததும் வினை தொடங்கியது. ஒவ்வொரு 4 கேபி கிளஸ்டரும் உண்மையான இரண்டு செக்டர்களின் எல்லைக்கோட்டின் மேல் காலை அகட்டி நின்றது. ஒரு கிளஸ்டரை எழுத வேண்டுமென்றால், டிஸ்க் இரண்டு செக்டர்களையும் முதலில் படித்து, உள்ளே திருத்தி, தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி வரும்வரை காத்திருந்து, திரும்ப எழுத வேண்டும். புது டிஸ்க் பழசைவிட மெதுவாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. விஸ்டாவிலிருந்து பார்ட்டிஷன் ஒரு எம்பி தள்ளித் தொடங்குகிறது. அது 4,096ஆல் மீதியின்றி வகுபடும், தொல்லை தீர்ந்தது.

இதே காரணத்தால் இன்றைய டிஸ்க்கில் 4 கேபிக்குக் குறைந்த கிளஸ்டர் வைப்பது சிக்கனம் ஆகாது. உள்ளே இருக்கும் செக்டரே 4 கேபி. இன்டெல் 80386 காலத்திலிருந்து கணினியின் நினைவகமும் 4 கேபி பக்கங்களாகத்தான் பிரிகிறது. நினைவகம், செக்டர், கிளஸ்டர் மூன்றும் ஒரே அச்சில் நிற்பது இந்த எண்ணுக்குக் கிடைத்த கூடுதல் பலம்.

காலிக் கட்டிலில் யார்?

வால் முடிந்த பிறகு கிளஸ்டரில் மிஞ்சும் இடத்தை ‘வீண்’ என்றே சொல்லி வந்தோம். வீண்தான், ஆனால் வெறுமை என்று சொல்ல முடியாது. ஒரு கோப்பை அழித்தால் ஹார்ட் டிஸ்க்கில் அதன் எழுத்துகள் உடனே அழிவதில்லை. ‘இந்தக் கிளஸ்டர் காலி’ என்று பதிவேட்டில் குறிக்கப்படும், அவ்வளவே. பிறகு ஒரு சின்னக் கோப்பு அதே கிளஸ்டருக்குக் குடிவந்தால் முன்பகுதியை மட்டும் எழுதிக்கொள்ளும். பின்னாலுள்ள செக்டர்களில் பழைய குடித்தனக்காரரின் கடிதத்தின் பின்பாதி அப்படியே கிடக்கும். புதுக் கோப்பைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. குற்றப் புலனாய்வில் டிஸ்க்கை ஆராய்பவர்கள் இந்த வால்மிச்சங்களைத் தனியே தேடிப் பார்ப்பார்கள். கிளஸ்டர் பெரிதானால் அவர்களுக்குக் கிடைக்கும் வால்மிச்சமும் நீளும்.

சரி, எதை வைப்பது?

ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனன்பாம் தம் பல்கலைக்கழகத் துறையின் கோப்புகளை 1984இலும் 2005இலும் அளந்தார். எல்லாக் கோப்புகளையும் அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்கும் கோப்பு, 1984இல் 1,080 பைட். 2005இல் 2,475 பைட். டிஸ்க்குகள் ஆயிரக்கணக்கான மடங்கு பெருத்த இருபத்தோரு வருஷத்தில் நடுக்கோப்பு இரண்டரை மடங்குகூட வளரவில்லை! ஆனால் அதே அளவீட்டில் இன்னொன்றும் தெரிந்தது: 4 கேபி பிளாக் என்று வைத்தால், மிகப் பெரிய 10 சதவீதக் கோப்புகளே 93 சதவீத இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எண்ணிக்கையில் சின்னவை, எடையில் பெரியவை. பெர்க்லியில் பயமுறுத்திய 45.6 சதவீதம் இன்று 4 கேபிக்குப் பொருந்தாமல் போனதற்குக் காரணம் இது. சின்னக் கோப்புகள் வீணாக்குவதைப் பெரிய கோப்புகளின் பாரம் விழுங்கிவிடுகிறது.

இந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு டிஸ்க்காகப் பார்க்கலாம்.

விண்டோஸ் இருக்கும் சி டிரைவ், நிரல் எழுதும் கோப்புறைகள், அலுவலக ஆவணங்கள்: 4 கேபி. யோசிக்கவே வேண்டாம். பெரிதாக்கினால் என்டிஎஃப்எஸ் தரும் கோப்புச் சுருக்க வசதி வேலை செய்யாது. அது 4 கேபிக்கு மேல் உள்ள கிளஸ்டரை ஏற்காது.

கல்யாண வீடியோ, சினிமா, கேமராப் பதிவு மட்டும் போட்டுவைக்கும் டிஸ்க்: 64 கேபி வைக்கலாம். 3 எம்பி புகைப்படத்துக்கு அரைக் கிளஸ்டர் வீணானால் 32 கேபி, சுமார் ஒரு சதவீதம். கிடைக்கும் லாபமும் பெரிதில்லை, நஷ்டமும் பெரிதில்லை, சிதறல் குறையும்.

தரவுத்தளம்: எஸ்க்யூஎல் சர்வர் 8 கேபி பக்கங்கள் எட்டைச் சேர்த்து ஒரு கட்டாக, அதாவது 64 கேபியாக, இடம் ஒதுக்குகிறது. அதற்கான டிரைவை 64 கேபி கிளஸ்டரில் ஃபார்மேட் செய்வது நெடுநாள் வழக்கம். உள்ளே வாழப்போகிறவரின் அளவு முன்கூட்டியே தெரிந்துவிட்ட அரிய சந்தர்ப்பம் இது.

20 டிபி டிஸ்க்: இங்கே 4 கேபி வேண்டுமென்றாலும் கிடைக்காது. என்டிஎஃப்எஸ் கையாளக்கூடிய கிளஸ்டர்கள் 32 பிட்டில் எழுதக்கூடிய அளவுக்குத்தான், சுமார் 429 கோடி. அதை 4 கேபியால் பெருக்கினால், இரண்டின் அடுக்காக எண்ணும் கணக்கில் 16 டிபி. அதைத் தாண்டினால் விண்டோஸ் தானே 8 கேபிக்கு ஏறிவிடும். 1996இல் 2 ஜிபியில் நடந்த அதே நாடகம், மேடைதான் பெரிது.

எக்ஸ்ஃபேட் பென் டிரைவ், விண்டோஸுக்கும் மேக்குக்கும் நடுவே ஓடும் டிஸ்க்: படங்களும் வீடியோவும் என்றால் 128 கேபி அப்படியே இருக்கட்டும். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைக் கொண்டுபோக வேண்டுமா? கிளஸ்டரைக் குறைத்து மறுபடி ஃபார்மேட் செய்யலாம். அதைவிடச் சுலபம், எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவிடுவது. ஆளுக்கொரு மண்டபம் கேட்காமல் அத்தனை பேரும் ஒரே மண்டபத்தில் பாய் விரித்துக்கொள்வார்கள். நகலெடுப்பதும் வேகமாக முடியும்.

பழைய டிஸ்க்கைக் கேளுங்கள்

இந்த முடிவில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஃபார்மேட் செய்யும் அன்று டிஸ்க் காலி. விருந்தாளி யாரென்று தெரிவதற்கு முன்பே அறைகளைக் கட்டிவிடுகிறோம். பிறகு அளவு தப்பென்று தெரிந்தால், வழக்கமான வழி ஒன்றுதான்: எல்லாரையும் வெளியேற்றிவிட்டு இடித்துக் கட்டுவது. அதாவது, சரக்கை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு மறுபடி ஃபார்மேட்.

ஆனால் நாம் ஒன்றும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊகிக்க வேண்டியதில்லை. புது டிஸ்க்குக்கு எதை மாற்றப்போகிறோமோ அது பழைய டிஸ்க்கில் இருக்கிறது. அந்தக் கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து, தொடக்கத்தில் ‘அ’வுக்குப் பார்த்த அதே இரண்டு வரிகளைப் பாருங்கள். பக்கத்திலேயே எத்தனை கோப்பு என்ற எண்ணும் இருக்கும். அந்த எண்ணை நீங்கள் வைக்க நினைக்கும் கிளஸ்டரில் பாதியால் பெருக்குங்கள். ஒரு லட்சம் கோப்பு, 64 கேபி கிளஸ்டர் என்றால் சுமார் 3.3 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, விட்டுத்தள்ளலாம். இருபது லட்சம் குட்டிக் கோப்புகள் என்றால் பாதியாகக் கணக்கிடாமல் முழுக் கிளஸ்டராகவே வையுங்கள்: 131 ஜிபி. 4 கேபியில் அதுவே 8 ஜிபிதான்.

பெருக்கல் முடிந்து வரும் தொகை உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் பெரிய கிளஸ்டர் வையுங்கள். உறுத்தினால், அந்த வரியைத் தொடாமல் ‘ஸ்டார்ட்’டை அழுத்துங்கள். இத்தனை நாள் தெரியாமல் செய்ததை இன்று தெரிந்து செய்கிறீர்கள்.